உயிரியல் ஆசிரியர்களே, படத்தை முதலில் காட்டாதீர்கள்

போன மாதம், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரின் செய்முறை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெங்காயச் சவ்வை நுண்ணோக்கியில் பார்க்கும் வகுப்பு. ஒரு மாணவி கையைத் தூக்கி, "டீச்சர், எனக்குப் பச்சையா எதுவும் தெரியலையே" என்றாள். "புத்தகத்துல இருக்கிற மாதிரி வரைஞ்சிடும்மா, நேரமாச்சு" என்று பதில் வந்தது. எனக்குச் சுருக்கென்றது. பல வருடங்களுக்கு முன்னால் இதே கேள்விக்கு, ஏறக்குறைய இதே சொற்களில் நானும் இப்படித்தான் பதில் சொன்னேன்.

கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்துவது, கடைசி பெஞ்சுக்குக் கேட்காமல் பேசுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை முதல் வருடத்திலேயே சரியாகிவிடும். வருடக்கணக்கில் செய்துகொண்டிருந்தாலும் தவறென்றே உறைக்காத சிலவற்றைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

புத்தகப் படத்தை முதலில் காட்டுவது

அந்த மாணவி பார்த்தது சரி. வெங்காயத்தின் உள்சவ்வில், செல்லுக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகம் கிடையாது. வெளிச்சம் படாமல் மண்ணுக்குள் வளரும் சேமிப்புப் பகுதி அது. புத்தகத்தில் 'தாவர செல்' என்று இருக்கும் படத்திலோ பசுங்கணிகம், மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம் எல்லாமே ஒன்றாக இருக்கும். முதல் நாள் அந்தப் படத்தைப் பலகையில் வரைந்து, "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, மறுநாள் நுண்ணோக்கி முன் நிறுத்தினால் என்ன ஆகும்? கண் பார்ப்பதைக் கை வரையாது. நாற்பது ரெக்கார்டு நோட்டிலும் ஒரே படம் இருக்கும்.

என் வகுப்பிலும் அப்படித்தான் நடந்தது. ஒரு பெண் தன் ஸ்லைடில் தெரிந்ததை அப்படியே வரைந்திருந்தாள். செங்கல் அடுக்கியது போல நீண்ட செல்கள். அயோடின் பட்டுப் பழுப்பேறிய உட்கரு ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கியிருந்தது. சில செல்களில் உட்கருவே தெரியவில்லை. "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்படி? ஸ்லைடு தப்பாப் போட்டுட்டேனா?" என்று கேட்டாள். நான் ரப்பரை எடுத்துக் கொடுத்தேன். அழித்துவிட்டுப் புத்தகப் படத்தை வரைந்தாள். முழு மதிப்பெண்ணும் போட்டேன். அந்த வருடம் முழுக்க அவள் மறுபடியும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேல் எனக்கே கோபம் வருகிறது.

அவளுடைய படத்தில் ஒரு வாரத்துக்கான பாடம் இருந்தது. உட்கரு ஏன் ஓரமாக இருக்கிறது? நடுவில் நீர் நிறைந்த பை போன்ற பெரிய வாக்குவோல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால். சில செல்களில் ஏன் தெரியவில்லை? செல்லுக்கு ஆழம் உண்டு, நாம் ஃபோகஸ் செய்தது ஒரு மட்டத்தை மட்டும். நுண்திருகை மெல்லத் திருப்பினால் மறைந்திருந்த உட்கருக்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். பச்சை ஏன் இல்லை? இதற்கு நான் வாயால் பதில் சொல்லவே தேவையில்லை. ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலை ஒன்றை ஸ்லைடில் வைத்தால் போதும். பெரும்பாலும் இரண்டே அடுக்கு செல்கள் என்பதால் சீவ வேண்டியதில்லை, சாயமும் வேண்டாம். பசுங்கணிகங்கள் பச்சை மணிகளாகத் தெரியும். விளக்கு வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் அவை செல்லுக்குள் சுற்றி வருவதைக்கூடப் பார்க்கலாம். அதை முதன்முதலாகப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களும் பார்க்க வேண்டும்.

இன்னொரு விபரீதமும் உண்டு. சாயம் போடாத ஸ்லைடை 400 மடங்கு உருப்பெருக்கத்தில் பார்த்துவிட்டு ரைபோசோம்வரை வரைந்து கொடுப்பார்கள். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் சுமார் 0.2 மைக்ரோமீட்டருக்கும் நெருக்கமான இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ரைபோசோமின் குறுக்களவு அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். பார்க்கவே முடியாத ஒன்றைப் பார்த்ததாக எழுதினால் மதிப்பெண் கிடைக்கும் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறோம். அறிவியல் வகுப்பில் இதைவிடப் பெரிய கேடு எனக்குத் தெரியவில்லை.

இப்போது நான் வரிசையை மாற்றிவிட்டேன். புத்தகம் பைக்குள் போய்விடும். வெள்ளைத்தாள், பென்சில், பத்து நிமிடம்; பார்த்ததை மட்டும் வரைய வேண்டும், பெயர் தெரியாத பாகத்துக்குக் கேள்விக்குறி போடலாம். பக்கத்தில் உருப்பெருக்கத்தை எழுத வேண்டும். குறைந்த உருப்பெருக்கத்தில் ஒளிபுகும் அளவுகோல் ஒன்றை அடியில் வைத்து, நுண்ணோக்கியில் தெரியும் வட்டத்தின் குறுக்களவை அவர்களே அளக்கட்டும். 40 மடங்கில் வட்டம் 4.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் 15 செல்கள் இருந்தால் ஒரு செல் சுமார் 0.3 மில்லிமீட்டர். புத்தகத்தில் எங்கும் எழுதியிராத ஓர் எண்ணை அவர்களே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகுதான் புத்தகப் படம். தாங்கள் வரைந்ததையும் அதையும் பக்கத்தில் வைத்து வேறுபாடுகளைப் பட்டியலிடச் சொல்வேன். பல விதமான செல்களையும், எலக்ட்ரான் நுண்ணோக்கி உட்படப் பல கருவிகளில் பார்த்ததையும் ஒரே உருவத்தில் தொகுத்த படம் அது என்பதை அப்போது சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள். முதல் நாளே சொன்னால் காதில் ஏறுவதில்லை.

காற்றுக் குமிழி

கறுத்த தடித்த விளிம்போடு வட்டமாக இருந்தால் அது செல் அல்ல. காற்று சிக்காமல் இருக்க, ஸ்லைடின் மேல் மூடும் கவர்ஸ்லிப்பைச் சாய்த்து இறக்குங்கள்.

'மாற்றிக்கொண்டது'

பரிணாமம் நடத்தும்போது நம் மொழியே நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. "தண்ணீரைச் சேமிப்பதற்காகக் கள்ளி தன் இலைகளை முள்ளாக மாற்றிக்கொண்டது" என்று சரளமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தக் 'கொண்டது' கள்ளிக்கு ஒரு மனதையும் விருப்பத்தையும் கொடுத்துவிடுகிறது. தேர்வில் "ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்ததால் கழுத்து நீண்டது" என்று மாணவர் எழுதினால் சிவப்பு மையால் அடிக்கிறோம். ஆனால் அந்த விதையை விதைத்தது நம் வாக்கியம்தான்.

இது சுலபத்தில் விடுகிற பழக்கம் இல்லை. நான் பாடக்குறிப்பில் 'அதற்காக', 'கொண்டது' இரண்டையும் வட்டமிட்டு வைத்தேன். "இலைகள் சிறுத்த கள்ளிகள் வறட்சியில் அதிகம் பிழைத்தன, அதிக விதை விட்டன, தலைமுறை தலைமுறையாக அவற்றின் வாரிசுகள் பெருகின" என்று நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வாக்கியம் நீளட்டும். வகையும் வேறுபாடும் முதலில் இருந்தன, இயற்கைத் தேர்வு பிறகு நடந்தது என்ற வரிசை அதில்தான் நிற்கிறது.

விடையை முந்திக்கொண்டு சொல்வது

ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பலகையில் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: "இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" பெரும்பாலும் "மண்ணிலிருந்து" என்பார்கள். சமன்பாட்டை ஒப்பிக்கத் தெரிந்தவர்களும் அதையே சொல்வார்கள். அப்போது பதினேழாம் நூற்றாண்டு ஆய்வாளர் வான் ஹெல்மான்ட்டின் எண்களைக் கொடுங்கள். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்று. 5 ஆண்டுகளுக்குப் பிறகு மரம் சுமார் 169 பவுண்டு. மண் இழந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ். அவர் இறந்த பிறகு 1648இல் வெளியான ஆய்வு இது. எல்லாம் தான் ஊற்றிய தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவுகட்டினார். அவர் எதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று பிள்ளைகள் சண்டை போடட்டும். யாராவது ஒருவர் "காத்து?" என்று இழுக்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்.

நாக்கு வரைபடம்

நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று காட்டும் சார்ட்டைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவை மொட்டுகள் உள்ள எல்லாப் பகுதிகளும் எல்லாச் சுவைகளையும் உணரும்.

நீல ரத்தம்

படத்தில் நீலம் ஓர் அடையாள நிறம் மட்டுமே. ஆக்சிஜன் குறைந்த ரத்தம் அடர்சிவப்பாக இருக்கும். படத்தைக் காட்டும் அதே நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்.

எத்தனாலும் தீயும்

இலையின் பச்சையத்தை நீக்க எத்தனாலை நேரடியாகத் தீயில் காட்டாதீர்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, தீயை முழுவதும் அணைத்த பிறகு, எத்தனால் உள்ள சோதனைக் குழாயை அந்த வெந்நீருக்குள் நிறுத்துங்கள். பக்கத்து மேசையிலும் தீ எரியக் கூடாது.

சுவாசம் என்ற ஒரே சொல்

மூச்சு விடுவதற்கும் செல்லுக்குள் உணவிலிருந்து ஆற்றல் வெளிப்படுவதற்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம். "செடி பகலில் ஒளிச்சேர்க்கை செய்யும், இரவில் மட்டும் சுவாசிக்கும்" என்ற தவறான எண்ணம் வேர்விட இந்தக் குழப்பமும் ஒரு காரணம். முதல் வகுப்பிலேயே 'மூச்சுவிடுதல்', 'செல் சுவாசம்' என்று பிரித்துவிடுகிறேன்; பிறகு யார் வெறுமனே 'சுவாசம்' என்றாலும், நான் உட்பட, எந்தச் சுவாசம் என்று வகுப்பே நிறுத்திக் கேட்கலாம் என்பது ஏற்பாடு. போன வாரம் என்னை இரண்டு முறை நிறுத்தினார்கள்.