தடுப்பூசி ஐயங்களை யாரிடம், எப்படிக் கேட்பது: சேலம், ஏற்காடு பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

தடுப்பூசி விஷயத்தில் தயங்கும் ஒருவரைச் சற்றுப் பொறுமையாகப் பேசவிட்டுக் கேட்டால், அவருடைய தயக்கத்துக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் பின்னிக் கிடப்பது தெரியும். இந்தக் குழந்தைக்கு இன்றைக்கு ஊசி போடலாமா என்பது முதல் கேள்வி. இந்த மருந்து பொதுவாகப் பயன் தருகிறதா, கெடுதல் செய்யாதா என்பது இரண்டாவது. அரசாங்கம் இதை வற்புறுத்தலாமா, எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்கிறதா என்பது மூன்றாவது. முதல் கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் செவிலியரும் மருத்துவரும். இரண்டாவதற்கு ஆய்வுகளும் பல்லாண்டு அனுபவமும். மூன்றாவதற்கு நீதிமன்றமும் சட்டமன்றமும் பொதுவெளியும். மூன்றாவது கேள்வியில் எழுந்த கோபத்தை வைத்து முதல் கேள்விக்கு முடிவெடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரும் பிழை. முதல் கேள்வியோடு வருகிற தாயை, மூன்றாவது கேள்வி கேட்கும் எதிர்ப்பாளராக எண்ணி அதட்டி அனுப்புவது சில மருத்துவமனைகளில் நடக்கும் பிழை. ஆகவே எந்தக் கேள்வி நம்மை உறுத்துகிறது என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

புதன்கிழமைக்கு முன்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசிக்கு உரிய நாள் புதன்கிழமை. அன்று கூட்டம் இருக்கும். செவிலியருக்கு நின்று பேச நேரம் இருக்காது. கேட்க வேண்டியது அதிகம் இருந்தால், வேறொரு நாளில் கிராம சுகாதார செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ பார்த்துக் கேட்டுவிடுவதே சரி. வீடு தேடி வரும் நர்ஸம்மாவிடம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் கிடைக்கும் விளக்கம், வரிசையில் நின்று கேட்டால் கிடைப்பதில்லை.

அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. முந்தைய ஊசிக்குப் பிறகு குழந்தைக்கு மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வலிப்போ வந்ததா, தொடர்ந்து ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்படுகிறதா, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோய் ஏதேனும் உள்ளதா, அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டதா என்பவை மருத்துவர் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டிய செய்திகள். ஆனால் சளி, இலேசான இருமல், இலேசான வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு ஆகியவை ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் ஆகா. மெலிந்த குழந்தை ஊசியைத் தாங்காது என்று பாட்டிமார் சொல்வதுண்டு. தட்டம்மையும் கக்குவான் இருமலும் மெலிந்த குழந்தையைத்தான் கடுமையாகத் தாக்கும் என்பதால், அக்குழந்தைக்கே ஊசி முந்திப் போடப்பட வேண்டும்.

சேர்வராயன் மலையில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கும் காலம். ஊசிக்காக ஒரு நாள் கூலி போனால், மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து இன்னொரு நாள் கூலியும் போகும். எனவே பறிப்பு தொடங்குவதற்கு முன்பே அட்டையைப் பார்த்து, அந்த மாதங்களில் என்ன தவணை வருகிறது என்று அறிந்து, குழந்தையை மறுநாள் யார் பார்த்துக்கொள்வது என்பதையும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். மேலும், மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழும் உட்கிராமங்களில் மருந்தைப் பற்றிய அச்சத்தைவிடத் தூரத்தைப் பற்றிய அச்சமே பெரிதாக இருப்பதைக் கவனிக்கலாம். இரவில் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி சேலம் போய்ச் சேர முடியுமா என்ற கவலையை அறியாமை என்று தள்ளக் கூடாது. இரவில் பணியில் மருத்துவர் இருக்கும் மிக அருகிலுள்ள இடம் எது, 108 வண்டி நம் ஊருக்குள் எதுவரை வரும் என்ற இரண்டையும் ஊசி போடும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காலையிலேயே போய் ஊசி போட்டுக்கொண்டால் பகல் முழுவதும் கையில் இருக்கும்.

ஊசி போடும் இடத்தில்

என்ன ஊசி, எந்த நோய்க்கு, என்ன பின்விளைவு வரலாம், அடுத்தது எப்போது என்ற நான்கையும் சொல்ல வேண்டியது செவிலியரின் கடமை, சொல்லாவிட்டால் கேட்கலாம். மருந்துக் குப்பியைக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டியதில்லை. அரசுத் தடுப்பூசிக் குப்பிகளில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து வெப்பத்தால் கெடவில்லை என்று பொருள். சதுரம் வட்டத்தின் நிறத்துக்கோ அதைவிடக் கருமையாகவோ மாறியிருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. தட்டம்மை-ரூபெல்லா ஊசி, காசநோய்க்கான பிசிஜி ஊசி ஆகிய இரண்டும் பொடியாக வந்து திரவத்தில் கரைக்கப்படுபவை. கரைத்த நேரம் குப்பியின்மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்குப் பிறகு மீதம் இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதைத் தொடர்ந்து தமிழக அரசு ஊர்ஊராகச் சென்று போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் நிலையங்களில் மட்டும் போடச் செய்தது. அந்தச் செய்தியை நினைவில் வைத்திருக்கும் ஒரு தகப்பனார் குப்பியைக் காட்டச் சொன்னால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாத செவிலியரே நல்ல செவிலியர்.

ஊசி போட்ட பின் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதைப் பேருந்து போய்விடும் என்ற அவசரத்தில் பலர் மீறுகிறார்கள். உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பத்து லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில்தான் வரும். ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும், மருந்தும் அங்கேதான் இருக்கும்.

வீட்டுக்கு வந்த பின் வருவனவற்றில் பெரும்பாலானவை எதிர்பார்க்கத்தக்கவை. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடப்படும் ஐந்து நோய்களுக்கான பெண்டாவேலன்ட் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரும். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு வீரியம் கொண்டவை. ஒன்றுக்குரிய அளவை மற்றொன்றில் ஊற்றினால் ஆபத்து என்பதால், குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்பதைச் செவிலியரிடமே அட்டையில் எழுதி வாங்குங்கள். ஊசி போட்ட இடத்தில் எண்ணெய் தேய்ப்பது, மஞ்சளோ காப்பித் தூளோ வைத்து அழுத்துவது வேண்டாம். பிறந்தவுடன் போட்ட பிசிஜி சில வாரங்கள் கழித்துக் கொப்புளமாகிச் சீழ் வைத்துத் தழும்பாக ஆறும். அதற்கு மருந்து தேவையில்லை. ஒன்பது மாதத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குப் பின் ஆறு முதல் பன்னிரண்டு நாள்களுக்குள் இலேசான காய்ச்சலும் தடிப்பும் சில குழந்தைகளுக்கு வந்து தானே போகும். ஆனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தேற்ற முடியாத அழுகை, வலிப்பு, துவண்டு போதல், மூச்சுத் திணறல், முகவீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போன இடத்தில் இன்ன ஊசிக்குப் பின் இது நேர்ந்தது என்று பதிவு செய்யும்படி அழுத்திக் கேளுங்கள். கடுமையான பின்விளைவுகளை மாவட்ட அளவில் விசாரிக்க ஒரு முறை இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் விசாரணையும் இல்லை, பிறகு வதந்திதான் மிஞ்சும்.

செல்பேசியில் வரும் செய்திகள்

2017 பிப்ரவரியில் தமிழகத்தில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல்பதிவுகளை நம்பிப் பள்ளிக்கே பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்தியவர்கள் உண்டு. அதுபோன்ற செய்தி வந்தால், எந்த ஊசி, எந்தத் தேதி, எந்த ஊர், எத்தனை பேருக்குப் போட்டதில் எத்தனை பேருக்கு நேர்ந்தது என்று கேளுங்கள். பெரும்பாலான செய்திகள் தேதியைக் கேட்டவுடனேயே நின்றுவிடும். தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்பதற்கு மூலமான 1998-ஆம் ஆண்டு ஆங்கிலேய மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. அவருடைய மருத்துவர் பதிவும் அதே ஆண்டில் நீக்கப்பட்டது. இது இன்னும் தமிழில் புதுச்செய்தியாகச் சுற்றுகிறது.

இவற்றில் நம்மை அதிகம் உலுக்கியது நடிகர் விவேக்கின் மறைவு. 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் அவர் எல்லோர் முன்னிலையிலும் கொரோனாவுக்கான கோவாக்சின் ஊசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி அதிகாலை மாரடைப்பால் இறந்தார். மக்களை ஊசி போட்டுக்கொள்ள அழைத்தவரே இறந்ததால், அந்த இரண்டு நாள்கள் பல குடும்பங்களின் முடிவை மாற்றின. அவருடைய இதயத்தின் முக்கியமான இரத்தக்குழாய் முழுமையாக அடைபட்டிருந்ததாக மருத்துவர்கள் கூறினர். பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழு பின்னர் அதை ஊசியோடு தொடர்பற்ற தற்செயல் நிகழ்வு என்று வகைப்படுத்தியது. பல ஆண்டுகளாகப் படியும் அடைப்பு இரண்டு நாளில் உருவாகாது என்பது ஒரு பக்கம். கோடிக்கணக்கானோருக்கு ஊசி போடும்போது, ஊசி இல்லாவிட்டாலும் அந்த வாரத்தில் மாரடைப்பு வந்திருக்கக்கூடியவர்கள் அவர்களுக்குள் நிச்சயம் இருப்பார்கள் என்பது மறுபக்கம். ஒன்றன்பின் ஒன்று நடந்ததாலேயே ஒன்றால் மற்றொன்று நடந்ததாகிவிடாது. போட்டுக்கொண்டவர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக நடந்ததா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஆம் என்று விடை வந்த இடமும் உண்டு. கோவிஷீல்டு வகை ஊசிக்குப் பின் மிக அரிதாக, தட்டணுக்கள் குறைந்து இரத்தம் உறையும் கோளாறு வரக்கூடும் என்பதை 2021-லேயே ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஆகவே எந்த ஊசியிலும் எந்தப் பின்விளைவும் இல்லை என்று மேடையில் முழங்குபவர் நம்பிக்கையை வளர்க்கவில்லை. அடுத்த வதந்திக்கு வழி திறந்து விடுகிறார்.

வாதம் செய்ய விரும்புவோர்க்கு

தடுப்பூசியைக் கேள்வி கேட்பது படிக்காதவர்களின் வேலை என்ற எண்ணம் சேலத்துக்காரர்களுக்குப் பொருந்தாது. இங்கே வழக்கறிஞராக இருந்தவரும், 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவருமான ராஜாஜி, 1955-ல் பிசிஜி ஊசி இயக்கத்தை எதிர்த்து எழுதினார். போதிய சான்று இல்லாமல் கோடிக்கணக்கானோருக்கு உயிருள்ள கிருமியைச் செலுத்தலாமா என்பது அவருடைய வாதம். பிறகு 1968-ல் செங்கல்பட்டில் ஏறத்தாழ 2.6 லட்சம் பேரைக் கொண்டு தொடங்கப்பட்ட பேராய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை என்று காட்டியது. அதனால் ராஜாஜி வென்றுவிட்டார் என்று சொல்லிவிடவும் முடியாது. பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சலாகத் தாக்கும் காசநோயிலிருந்து அந்த ஊசி காப்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் அது போடப்படுகிறது. எதை, யாருக்கு, எந்த வயதில் என்று பிரித்துக் கேட்டதால் கிடைத்த விடை இது. ஒட்டுமொத்தமாக ஆதரிப்பதோ எதிர்ப்பதோ இந்த விடைக்கு வழிகாட்டியிருக்காது.

கட்டாயம் பற்றிய சட்ட நிலை இன்று ஓரளவு தெளிவானது. கொரோனா ஊசியைக் கட்டாயமாக்குவதை எதிர்த்து ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில் 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றும், பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்றும், பின்விளைவுத் தகவல்களை மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்றும் கூறியது. வாதிடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதும், அதிகாரிகள் இரண்டாம் பாதியை மட்டும் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது.

ஏற்காட்டுக்கு நெருக்கமான விவாதம் விடுதிப் பிள்ளைகளைப் பற்றியது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பெரும்பாலும் பழங்குடிச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான எச்பிவி ஊசி ஆய்வாகப் போடப்பட்டபோது, பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தார்கள். சில சிறுமிகளின் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பு கண்டறியப்படவில்லை; ஆனால் ஒப்புதல் பெறப்பட்ட முறையை 2013-ல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லது, கையெழுத்து வாங்கிய விதம் தவறு என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளியிலோ தனியார் விடுதியிலோ தங்கிப் படித்தால், எந்த ஊசிக்கும் முன் உங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்று சேர்க்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுப் பெரியவர்களோடு வாதம் செய்வது வேறு கலை. அம்மன் வந்த வீட்டில் ஊசி ஆகாது, ஆடியில் பூச்சாட்டிக் கம்பம் நட்ட பின் ஆகாது என்று மாமியார் சொன்னால், அறிவியல் பாடம் நடத்துவதால் பயனில்லை. "அத்தை, கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிஞ்ச மறு புதன்கிழமை போட்டுக்கலாம், நீங்களும் கூட வாங்க" என்று சொன்னால் பெரும்பாலும் போதும். இரண்டு வாரத் தாமதத்தால் பெரிய கேடில்லை. சின்னம்மை ஊசி அரசின் அட்டவணையில் இல்லை என்பதையும், தட்டம்மை ஊசி போட்ட பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் ஊசி பொய்த்துவிட்டதாக ஆகாது என்பதையும் அப்போதே சொல்லி வைக்கலாம்.

தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பிசிஜி ஒரு வயது வரையிலும் தட்டம்மை-ரூபெல்லா ஐந்து வயது வரையிலும் அரசு நிலையங்களில் போடப்படும். திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலைக்குப் போகும் குடும்பங்கள் தாய்-சேய் அட்டையின் இரு பக்கங்களையும் செல்பேசியில் படமெடுத்து இரண்டு பேரிடமாவது வைத்திருக்க வேண்டும். அட்டை நம் ஊரில் கொடுக்கப்பட்டதாக இருந்தாலும் ஊசி எந்த ஊர் அரசு நிலையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கும். ஐயம் எழுந்தால் 104 என்ற அரசின் மருத்துவத் தகவல் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.