கல்லூரிக் குழுப் பணிக்கு ஒரு பாட்டு வீடியோ: உதடும் பாட்டும் பிரியாமல் எடுப்பது எப்படி?

போன டிசம்பரில் மும்பையில் எங்கள் கல்லூரியில் குழுப் பணியாக ஒரு பாட்டு வீடியோ கேட்டார்கள். ஏழு பேர், மூன்று வாரம், கையில் இரண்டு போன், ஒரு மடிக்கணினி. குழுவில் நாலு பேர் தாராவி, சயான் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். அதனால் பாட்டு தமிழில்தான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. வீடியோ நல்லபடியாக முடிந்தது. ஆனால் நடுவில் ஒரு வாரம் முழுக்க ஒரே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டோம். அந்த ஒரு வாரம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போனில் வீடியோ எடுக்கவும், எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பை வெட்டி ஒட்டவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பாட்டு, அப்புறம்தான் கேமரா

பாட்டு முழுதாக முடிந்து, ஒரே கோப்பாகக் கையில் வரும்வரை யாரும் கேமராவைத் தொடக்கூடாது. "பாதிப் பாட்டு இருக்கு, சும்மா ரெண்டு ஷாட் எடுத்துப் பாப்போம்" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். விடாதீர்கள். தாளத்தின் வேகம் துளி மாறினாலும் எடுத்த ஷாட் எதுவும் உதவாது.

சினிமாப் பாட்டை எடுத்துப் போடலாமா? கல்லூரி நிகழ்ச்சியில் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்ப்பதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சில விலக்குகள் தருகிறது. யூடியூபில் ஏற்றினால் அந்த விலக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது. வீடியோவையே முடக்கிவிடவும் கூடும். அதனால் நாங்கள் பாரதியார் கவிதை ஒன்றை எடுத்துக்கொண்டோம். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு வாங்கி, பின்னால் மக்களுக்குப் பொதுவாக்கிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வரிகள்தான் பொது. அதே வரிகளுக்குச் சினிமாவில் போட்ட மெட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் உரிமையாளர் வேறு. எனவே மெட்டை நாங்களே போட்டோம்.

வேகத்தை நிமிடத்துக்கு 100 துடிப்பு என்று வையுங்கள். இது என் பிடிவாதமான சிபாரிசு. ஒரு துடிப்பு 0.6 வினாடி. வினாடிக்கு 30 ஃபிரேம் (வீடியோவில் அடுத்தடுத்து வரும் தனித்தனிப் படம்) எடுத்தால் சரியாக 18 ஃபிரேம், 25 எடுத்தால் 15 ஃபிரேம். எங்கே வெட்டுவது என்று காதால் தேட வேண்டாம், எண்ணிக்கொண்டே வெட்டலாம். எங்கள் பாட்டு 144 வினாடி, அதாவது 240 துடிப்பு. முதல் முயற்சிக்கு இந்த நீளம் போதும். நாலு நிமிடப் பாட்டை எடுத்துக்கொண்டு காட்சி போதாமல் திண்டாட வேண்டாம்.

குரலைப் பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. துணிகள் தொங்கும் அலமாரிக்கு முன்னால், இரண்டு பக்கமும் ரஜாய் என்ற தடித்த போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாடினோம். எங்கள் சாலில் (வரிசையாகச் சின்ன வீடுகளும் பொது நடையும் உள்ள மும்பைக் குடியிருப்பு) தண்ணீர் வராத, குக்கர் விசில் அடிக்காத நேரம் மதியம் இரண்டிலிருந்து நாலு வரைதான். குரலையும் இசையையும் கலக்க ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருள் போதும், இலவசம்.

பாட்டு முடிந்ததும் அதன் தொடக்கத்தில் நாலு "டக் டக் டக் டக்" சேருங்கள். இரண்டு கரண்டியைத் தட்டிப் பதிவு செய்தாலும் சரி. நடிப்பவருக்கு எப்போது வாயைத் திறப்பது என்று தெரியும், எடிட்டிங்கில் கோப்புகளைப் பொருத்தவும் அதுதான் அடையாளம். இந்தக் கோப்பை டபிள்யூ.ஏ.வி. வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில் சேமித்து, ஒருவரை மட்டும் அதற்குக் காவல் வையுங்கள். எங்கள் பாடகி படப்பிடிப்புக்கு நடுவில் "கொஞ்சம் நல்லா கலந்திருக்கேன், இதை வெச்சுக்கோங்க" என்று புதுக் கோப்பு அனுப்பினாள். முன்னால் கால் வினாடி அமைதி கூடியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது.

தாளில் பிரிப்பது

ஏ4 தாளில் நாலு பத்தி: நேரம், வரி, இடம், யார். பல்லவி, அனுபல்லவி, சரணம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு இடத்துக்கு மேல் வேண்டாம். வேலையைப் பிரிக்கும்போது "எல்லாரும் எல்லாம் செய்வோம்" என்பது மட்டும் கூடாது. இயக்கம் ஒருவர், கேமரா ஒருவர், பாட்டை ஓடவிடுபவர் ஒருவர், எழுதி வைப்பவர் ஒருவர். எத்தனையாவது டேக், நல்லதா இல்லையா என்று எழுதி வைப்பவர் இல்லாவிட்டால், எடிட்டிங்கில் எண்பது கிளிப்பையும் முதலிலிருந்து பார்க்க வேண்டிவரும்.

இடம், வெளிச்சம், அனுமதி

மும்பை என்றதும் எல்லாருக்கும் ரயிலும் கடலும்தான் ஞாபகம் வரும். ரயில் நிலையத்தில் அனுமதியில்லாமல் ஆட்டம் போட்டுப் படமெடுக்க முடியாது. சயான் கோட்டைபோலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் இடங்களில் முக்காலி வைக்கவே தனி அனுமதி வேண்டும். டிரோன் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம். விமான நிலையம், கடற்படைத் தளம் எல்லாம் உள்ள ஊர் இது, காவல்துறையின் தடை உத்தரவும் அடிக்கடி வரும்.

எங்களுக்கு மூன்று இடமே போதுமானதாக இருந்தது: ஒரு மொட்டை மாடி, எங்கள் சாலின் நீள நடை, மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்துப் பூக்கடைச் சந்து. பூக்கடைக்காரர்களிடம் முந்தின நாளே போய்க் கேட்டோம். வியாபாரம் சூடு பிடிப்பதற்கு முன்னால் வந்து முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். முகம் தெரியும்படி யாரை எடுத்தாலும் கேளுங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் அப்பா அம்மாவிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சென்னைக் கணக்கில் காலை ஆறரைக்குப் போய் நிற்காதீர்கள். டிசம்பரில் சென்னையில் 6.20 வாக்கில் சூரியன் உதித்துவிடும். மும்பை நாட்டின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் இங்கே ஏழு மணி ஆகும். ஏழேகாலிலிருந்து எட்டரை வரை முகத்தில் விழும் வெளிச்சம் அவ்வளவு அழகு.

குழல் விளக்கு அல்லது எல்.இ.டி. வெளிச்சத்தில் எடுத்தால் ஷட்டர் வேகத்தை (ஒவ்வொரு ஃபிரேமும் வெளிச்சம் வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 வினாடி என்று கையால் வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனைத் தன்னிஷ்டத்துக்கு விட்டால் பின்னால் சுவரில் பட்டை பட்டையாக ஓடும். போனோடு வரும் கேமரா செயலி பல நேரம் இதற்கு வழிவிடாது. பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், என் ஓட்டு அதற்குத்தான். பழைய ஆண்ட்ராய்டு போனில் அது ஓடாவிட்டால் ஓபன் கேமரா.

எங்களைச் சாய்த்த இடம்: உதட்டசைவு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

படமெடுக்கும்போது பாட்டை ஒலிபெருக்கியில் சத்தமாக ஓடவிட வேண்டும். நடிப்பவர் வாயை மட்டும் அசைக்காமல் உண்மையாகவே பாட வேண்டும். வெறுமனே வாயசைத்தால் தொண்டையும் மூச்சும் காட்டிக்கொடுத்துவிடும். கேமரா போனும் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்யட்டும். எடிட்டிங்கில் அந்த ஒலியை நல்ல பாட்டுக் கோப்போடு பொருத்திவிட்டு, அப்புறம் அதை ஊமையாக்கிவிடலாம்.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தோம். எங்கள் வீடியோவில் பாடுவதாக வருபவள் எங்கள் மாடியிலேயே இருக்கும் பன்னிரண்டு வயதுப் பெண். மாலை நேரத்தில், நடையில், முழுப் பாட்டையும் ஒரே ஷாட்டில் எடுத்தோம். மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால் பல்லவியில் உதடு கச்சிதம், கடைசிச் சரணத்தில் பாட்டுக்கு அரை வினாடி முன்னால் ஓடுகிறது. மறுநாள் மறுபடி எடுத்தோம். "தங்கச்சி, அவசரப்படாதே, தாளத்துக்கு நில்லு" என்று இயக்குநர் பையன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஒன்பதாவது டேக்கில் அவள் கண் கலங்கிவிட்டது. "நான் சரியாத்தான்க்கா பாடுறேன்" என்றாள் என்னிடம். நானும் நம்பவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

தப்பு அவளிடம் இல்லை. அதே கிளிப்பில் போன் பதிவு செய்த ஒலியை மட்டும் தனியாகப் பாட்டுக் கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். முதல் கரண்டித் தட்டலிலிருந்து கடைசி வரி வரை இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடின. அந்த ஒலியில் அவள் குரலும் லேசாகக் கேட்டது, தாளம் பிசகாமல். ஒலி சரி, படம்தான் முந்தி ஓடுகிறது! காலையில் மொட்டை மாடியில் எடுத்த கிளிப்பில் இந்தக் கோளாறே இல்லை.

காரணம் இதுதான். பெரும்பாலான போன்கள் 30 ஃபிரேம் என்று சொன்னாலும் வினாடிக்கு வினாடி அந்த எண்ணிக்கையை ஏற்றி இறக்கும். வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும், எண்ணிக்கை குறையும். சூடானாலும் அப்படித்தான். சில எடிட்டிங் மென்பொருள்கள் அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 30 என்று வரிசையாக அடுக்கிவிடும். சராசரி 29.9 வந்திருந்தால்கூட 144 வினாடிப் பாட்டின் முடிவில் படம் கிட்டத்தட்ட அரை வினாடி முந்திவிடும். எங்களுக்கு நடந்தது அதுவே.

சரிசெய்யும் வழி:

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, ஃபிரேம் வீத முறை "வேரியபிள்" (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் எடிட்டிங்கில் சேர்ப்பதற்கு முன்பே, வீடியோவை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போடுங்கள். வீடியோ பகுதியில் ஃபிரேம் வீதம் 30, அதற்குக் கீழே "கான்ஸ்டன்ட்" (மாறாதது). தரம் குறையாமலிருக்க ஆர்.எஃப். என்ற தர எண்ணை 18 பக்கம் வையுங்கள். மாற்றிய கோப்புகளை மட்டும் ஒரு தனி அடைவில் போட்டு, எடிட்டிங்கை அங்கிருந்து தொடங்குங்கள். பாதி எடிட் செய்த பிறகு மாற்றினால் வெட்டியதெல்லாம் இடம் மாறிப்போகும்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் மென்பொருளைப் பயன்படுத்தினால் முதல் கிளிப்பைச் சேர்க்கும் முன்பே திட்டத்தின் ஃபிரேம் வீதத்தையும் 30 என்று வையுங்கள். கிளிப் சேர்ந்த பிறகு அந்த அமைப்பை மாற்ற விடாது. மடிக்கணினி பலமாக இருந்தால் ரிசால்வ்தான், இலவசப் பதிப்பே தாராளம். போனிலேயே எடிட் செய்யும் செயலிகளில் ஒரு ஃபிரேம், இரண்டு ஃபிரேம் நகர்த்துவது எனக்குக் கைவரவில்லை.

பொருத்தம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ப, ம இரண்டும் இதழ் கூடிப் பிறக்கும் எழுத்துகள் என்று பள்ளி இலக்கணத்தில் படித்திருப்போம். உதடு முழுதாக மூடித் திறந்தால்தான் அவை பிறக்கும். ஒவ்வொரு வரியிலும் ப அல்லது ம வரும் சொல்லைத் தேடி, உதடு மூடும் ஃபிரேமில் நிறுத்திக் காதால் கேளுங்கள். அ, ஆ வரும் இடத்தில் தேடினால் குழப்பமே மிஞ்சும்.

ஒரே இடத்தில் முழுப் பாட்டு

ஒவ்வொரு இடத்திலும் முழுப் பாட்டையும் மூன்று தூரத்தில் எடுங்கள்: ஆள் முழுதாக, இடுப்புக்கு மேலே, முகம் மட்டும். வரி வரியாக எடுத்தால் நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் எடிட்டிங்கில் வெட்ட இடமே இருக்காது. இவை முடிந்ததும் அரை மணி நேரம் பாட்டே இல்லாமல் சுற்றியுள்ளதை எடுங்கள். பூ தொடுக்கும் விரல், கொடியில் காயும் சேலை, காலடியில் பூனை. உதடு ஒட்டாத இரண்டு வினாடியை மறைக்க இவைதான் கைகொடுக்கும்.

கிளிப்புகளை வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், நசுக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் 2 ஜி.பி. வரை அப்படியே போகும். பென் டிரைவ் அதைவிட நல்லது.

பிறகு சேர்த்தது 1

இதைப் படித்த ஒரு தம்பி, கான்ஸ்டன்ட் ஆக்கியும் மூன்று ஃபிரேம் தள்ளி நிற்கிறது என்று கேட்டிருந்தார். அவர் ஒரு மாடியில், பாடுபவர் எதிர்மாடியில், ஒலிபெருக்கி கேமரா பக்கத்தில். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தூரம் என்றால் பாடுபவருக்குப் பாட்டு 0.1 வினாடி தாமதமாகவே கேட்கும், அதாவது மூன்று ஃபிரேம். ஒலிபெருக்கியை எப்போதும் பாடுபவர் காலடியில் வையுங்கள். அப்போது கேமராவின் ஒலிதான் தாமதமாகப் பதிவாகும். அதனால் இவ்வளவு தூரத்திலிருந்து எடுக்கும்போது ஒலியை நம்பாமல் ப, ம பார்த்துப் பொருத்துங்கள். இன்னொன்று, இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது.

பிறகு சேர்த்தது 2

உதடு பாட்டோடு ஒட்டி, உடல் மட்டும் மெதுவாக அசைவது எப்படி என்று இரண்டு பேர் கேட்டார்கள். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, 60 ஃபிரேமில் எடுத்து, 30இல் ஓட்டுங்கள். இரட்டை வேகத்தில் பாடப் பழக ஒரு நாள் வேண்டும். ஆடாசிட்டியில் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் கூட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

பிறகு சேர்த்தது 3

தலைப்பு எழுத்துகளில் "கொ", "போ" எல்லாம் கால் வேறு, கொம்பு வேறாக உடைகிறது என்றார்கள். சில எடிட்டிங் மென்பொருள்களுக்குத் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் எழுதி, பின்னணி இல்லாத பி.என்.ஜி. படமாக எடுத்து வீடியோ மேல் வையுங்கள். எழுத்துருவுக்கு முக்தா மலர், பலூ தம்பி இரண்டும் அருமை, இலவசம். இரண்டுமே மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கியவை. பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் எங்கள் மாடிப் பெண்ணுடையது. அதிலும் ஒரு "கொ" இருக்கிறது. பெரிதாக்கி, கொம்பும் காலும் சரியாக நிற்கிறதா என்று மூன்று முறை பார்த்த பிறகுதான் கோப்பை ஒப்படைத்தேன்.