ஜேர்மனா, ரஷ்யனா? கொழும்பில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கிற பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: "ஆங்கிலம் தெரியும், சிங்களம் சமாளிப்பேன். அடுத்தது ஜேர்மனா, ரஷ்யனா?" எது இலேசு என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இப்படிச் செய்து பாருங்கள்.

படி 1: யாரோடு பேசப் போகிறீர்கள்?

ஒரு தாளில் எழுதுங்கள். "வெளிநாடு போகலாம்" என்று மொட்டையாக எழுதக்கூடாது. கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போகிறவருக்கு யோசனையே தேவையில்லை. விசாவுக்கே பெரும்பாலும் ஏ1 (மொழித் தேர்ச்சியின் ஆரம்பப் படி) சான்றிதழ் கேட்பார்கள். தாதி வேலைக்கு வழமையாக ஏ2, பி1 தாண்டி பி2 வரை ஏற வேண்டும். ரஷ்யாவில் மருத்துவம் படிக்கப் போகிறவர்கள் "அங்கே ஆங்கிலத்தில்தானே படிப்பிக்கிறார்கள்" என்பார்கள். பாடம் ஆங்கிலத்தில் இருக்கலாம்; வார்டில் படுத்திருக்கிற ஆச்சி நெஞ்சு நோகிறது என்று ரஷ்யனில்தான் சொல்லுவார். (திரும்பி வந்தால் இலங்கை மருத்துவ சபையின் பரீட்சை வேறு இருக்கிறது.)

சுற்றுலாத் துறை என்றால் என் வாக்கு ரஷ்யனுக்கு. இரண்டு நாட்டவரும் இங்கே நிறைய வருகிறார்கள், ஆனால் ஜேர்மன்காரர் பலர் ஆங்கிலத்திலேயே பேசிவிடுவார்கள்.

படி 2: இலக்கணத்தைத் தமிழை வைத்துப் பாருங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் கணக்கில் ஜேர்மனுக்கு ஏறத்தாழ 36 வாரம், ரஷ்யனுக்கு 44. அது ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களுக்கான கணக்கு. நமக்கு அப்படியே பொருந்தாது.

ரஷ்யனில் "நான் மாணவன்" என்பதற்கு நடுவில் வினைச்சொல் வராது, தமிழைப் போலவே. "உ மென்யா யெஸ்த் க்னீகா" என்றால் "என்னிடம் இருக்கிறது புத்தகம்". வேற்றுமை ஆறு, பெயரின் கடைசி மாறும், "க்னீகா" (புத்தகம்) "க்னீகு" (புத்தகத்தை) ஆகும். எட்டு வேற்றுமை படித்த நமக்கு இது பெரிய விஷயமா? உண்மையில் படுத்துவது வினைச்சொல்தான். செய்துகொண்டிருப்பதற்கு ஒன்று, செய்து முடித்ததற்கு இன்னொன்று. நடந்து போவதற்கும் வாகனத்தில் போவதற்கும்கூட வெவ்வேறு.

ஜேர்மனில் வேற்றுமை நாலுதான். ஆனால் அது பெரும்பாலும் பெயருக்கு முன்னால் வரும் சின்னச் சொல்லில் தெரியும்: "டெர் மான்" (மனிதன்), "டென் மான்" (மனிதனை). தமிழில் அப்படி ஒன்று கிடையாது, அதனால் மாதக்கணக்கில் தடுமாறுவீர்கள். இரண்டு மொழியிலும் மேசை ஆண்பால், கதவு பெண்பால், ஜன்னல் இரண்டுமில்லாத மூன்றாம் பால். ரஷ்யனில் சொல்லின் முடிவைப் பார்த்துப் பெரும்பாலும் பாலைக் கண்டுபிடிக்கலாம். ஜேர்மனில் பாடமாக்க வேண்டியதுதான். ஆறுதலுக்கு ஒன்று: "வைல்" (ஏனென்றால்) என்று தொடங்கிக் காரணம் சொன்னால், ஜேர்மன் வினையும் நம்முடையதுபோல வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடும்.

படி 3: எழுத்துக்குப் பயந்து ரஷ்யனை விடாதீர்கள்

247 எழுத்துப் படித்தவர் 33க்குப் பயப்படலாமா? குழப்புவது ஆங்கிலச் சாயல்தான். "பி" போல இருப்பது "ர", "எச்" போல இருப்பது "ந", "சி" போல இருப்பது "ஸ". அதனால்தான் "ரெஸ்தரான்" என்ற பலகையை "பெக்டோபா" என்று வாசிக்கிறோம். தினமும் அரை மணித்தியாலம் ஒதுக்கினால் ஒரு கிழமையில் வாசிக்க வரும்.

படி 4: நேரில் போய்ப் பாருங்கள்

இரண்டு மொழியும் படிப்பிக்கிற இடங்கள் கொழும்பு 7இல்தான். ஜேர்மனுக்குக் கோதே நிறுவனம் கிரெகரிஸ் வீதியில், ரஷ்யனுக்கு ரஷ்ய இல்லம் சுதந்திர அவென்யூவில். ஒரே காலையில் முடித்துவிடலாம். அடுத்த வகுப்பு எப்போது, ஒரு வகுப்பில் எத்தனை பேர், பரீட்சைக் கட்டணம் தனியா என்று கேளுங்கள். பட்டமாகவே படிக்க விரும்பினால், களனிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு மொழியும் உண்டு.

முதலாம் படித் தாளில் ஒன்றுமே எழுத வரவில்லையா? சரி, ஜேர்மனை எடுங்கள். ஒஸ்ரியாவிலும் சுவிஸின் பெரும்பகுதியிலும் அதுதான் மொழி, வாட்ஸ்அப்பில் பேசிப் பழக அங்கே சித்தப்பாவோ மச்சாளோ ஒருவராவது இருப்பார். இரண்டையும் ஒன்றாகத் தொடங்க வேண்டாம். எடுத்ததில் பி1 வந்த பிறகு மற்றதை யோசிக்கலாம்.