குறைந்த விலை உடையெல்லாம் ‘ஃபாஸ்ட் ஃபேஷன்’ ஆகுமா?

டி-ஷர்ட், உள்பனியன், ஸ்வெட்டர் போன்ற அன்றாட உடைகளைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைகள் ‘ஃபாஸ்ட் ஃபேஷன்’ வகையைச் சேர்ந்தவையா என்று உதகையிலும் குன்னூரிலும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. விலையை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை வடிவத்தை மாற்றி, போன மாதம் வாங்கியதைப் பழையதாக நினைக்கச் செய்து, மீண்டும் மீண்டும் வாங்க வைப்பதே ‘ஃபாஸ்ட் ஃபேஷ’னின் இயல்பு. எனவே, சென்ற ஆண்டு விற்ற அதே வெள்ளை டி-ஷர்ட் இந்த ஆண்டும் அதே அளவில், அதே தையலில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்து துணி. சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள பருத்திப் பின்னல் துணி, 140 கிராம் துணியைவிடப் பொதுவாக நீண்ட நாள் உழைக்கும். ஆனால் ஆடி மாத மழையில் நம் மலையில் அது எளிதில் காயாது என்பதால், மாற்றிக் கட்ட மெல்லியது ஒன்றிரண்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. கழுத்துப் பட்டியை இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். தோள் தையலின் உட்புறம் நாடா வைத்துத் தைத்திருந்தால் இன்னும் நல்லது.

வடிவம் மாறாத உடை என்பதாலேயே அது தீங்கற்றது என்றும் ஆகிவிடாது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததால்தான் 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆகையால், தன் உடைகள் எந்த ஆலையில் சாயமேற்றப்பட்டு எங்கே தைக்கப்படுகின்றன என்பதை வெளிப்படையாகச் சொல்லும் நிறுவனத்தையே, சற்று விலை கூடினாலும், நான் தேர்ந்தெடுக்கிறேன்.