கம்பைல் ஆகிறது, திரையில் ஒன்றும் இல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழிஞ்சாம்பாறையில் மாலை வேளைகளில் சி மொழி சொல்லிக்கொடுக்கும் எனக்கு, வேலந்தாவளம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளிடம் அடிக்கடி கேட்கக் கிடைக்கும் புகார் ஒன்றுதான்: "மாஷே, கம்பைல் ஆகுது, ரன் பண்ணினா ஒண்ணும் வரலை." நாங்கள் டர்போ சி என்ற பழைய மென்பொருளின் நீலத்திரை முன் அமர்ந்து செய்த அதே பிழைகளை இவர்கள் புதிய எடிட்டர்களில் செய்கிறார்கள். கோப்பைச் சேமிக்காமல் ஓட்டுவது, அச்சிடும் வரியையே எழுதாமல் விடுவது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வர் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

காத்திருக்கும் நிரலை நின்றுபோனதாக எண்ணுதல்

நீங்கள் தட்டுவதை வாங்கிக்கொள்ளும் ஸ்கேன்எஃப் வரியில் நிரல் உங்கள் எண்ணுக்காகக் காத்திருக்கலாம். ஸ்கேன்எஃப்-இன் மேற்கோளுக்குள் கடைசியாக '\என்' (புதிய வரிக்கான குறி) சேர்த்திருந்தால் எண்ணைக் கொடுத்த பிறகும் அது நகராது. இடைவெளியல்லாத இன்னோர் எழுத்து வரும்வரை படித்துக்கொண்டே இருக்கும்.

அழைப்பதாக நினைத்து அறிவித்தல்

மெயினுக்குள் 'வாய்ட் காட்டு();' என்று எழுதுகிறார்கள். முன்னால் வாய்ட் இருப்பதால் அது வெறும் அறிவிப்பு. ஃபங்ஷன் ஓடாது, கம்பைலரும் அதைக் குறையாகச் சொல்லாது.

வொயில் அடைப்புக்குறியை அடுத்து அரைப்புள்ளி

வேண்டாம். நிபந்தனை உண்மையாக இருந்தால் லூப் பெரும்பாலும் அங்கேயே முடிவின்றிச் சுழலும்.

திரைக்கு வராத வரியைச் சாட்சியாகக் கொள்ளுதல்

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். பால் சங்கக் கணக்குக்காக ஒரு மாணவர் எழுதிய நிரல், கோப்பிலிருந்து உறுப்பினர் எண்ணையும் லிட்டரையும் படித்துத் தொகையைக் காட்ட வேண்டும். எதுவும் வராததால், கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பன் வரிக்குக் கீழே 'கோப்பு திறந்தது' என்று அச்சிடும் ஒரு பிரிண்ட்எஃப் சேர்த்தார். அதுவும் வரவில்லை. ஆகவே கோப்பே திறக்கவில்லை என்று முடிவுகட்டி, கோப்பின் பெயரை மாற்றினார், அதை ஃபோல்டர் ஃபோல்டராக நகர்த்தினார், இறுதியில் சரியாக இருந்த பகுதி முழுவதையும் அழித்துத் திரும்ப எழுதினார். ஒரு மாலை முழுதும் போயிற்று. கோப்பு தொடக்கத்திலிருந்தே ஒழுங்காகத் திறந்துகொண்டுதான் இருந்தது; கோப்பிலிருந்து படிக்கும் அடுத்த வரியின் எஃப்ஸ்கேன்எஃப்-இல் லிட்டர் என்ற மாறிக்கு முன் '&' (மாறியின் முகவரியைத் தரும் குறி) விடுபட்டிருந்ததால் நிரல் அங்கே செத்து விழுந்தது.

அப்படியானால் அந்த வரி ஏன் தெரியவில்லை? பிரிண்ட்எஃப் எழுத்துகளை நேரே திரைக்கு அனுப்புவதில்லை. கேன் நிறைந்தால்தான் வண்டியில் ஏற்றுவேன் என்பதுபோல், பஃபர் என்னும் இடத்தில் முதலில் சேர்த்துவைக்கிறது. டெர்மினலில் ஓட்டினால் பெரும்பாலும் வரி முடிந்ததும் அது வெளியேறும். ஆனால் பல எடிட்டர்களின் அவுட்புட் பகுதி, நிரலின் கண்ணுக்கு டெர்மினல் அல்ல, எழுத்துகளை இன்னொரு நிரலுக்குக் கடத்தும் வெறும் பைப். அங்கே பஃபர் நிறைந்தால், அல்லது நிரல் முறைப்படி முடிந்தால் மட்டுமே எழுத்துகள் வெளிவரும். இடையில் நிரல் செத்தால், சேர்த்துவைத்தவையும் அதனுடன் போய்விடும். '\என்' போட்டால் போதும் என்று பலர் சொல்லிக்கொடுப்பது பைப்பில் பலிக்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆகவே சோதனைக்காக அச்சிடும் ஒவ்வொரு வரிக்கும் பின், பஃபரை உடனே காலிசெய்யும் எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஅவுட்) எழுதுங்கள். அல்லது எஃப்பிரிண்ட்எஃப் கொண்டு, பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடிஎர்ருக்கு அனுப்புங்கள், ஏனெனில் சி மொழித் தரநிர்ணயப்படி அது பஃபர் நிறையும்வரை காத்திருப்பதில்லை. இவற்றைச் செய்யாமல் 'அந்த வரிக்கே வரவில்லை' என்று யாரும் என்னிடம் சொன்னால் நான் ஏற்பதில்லை.

எச்சரிக்கைகளைப் படிக்காமல் விடுதல்

ஜிசிசி கம்பைலருக்கு, எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் '-வால்' கொடுத்திருந்தால் அந்த '&' விடுபட்டதை அதுவே சொல்லியிருக்கும்.

நிரல் எப்படி முடிந்தது என்று பாராதிருத்தல்

லினக்ஸ் டெர்மினலில் நிரலை ஓட்டியவுடன் 'எக்கோ $?' என்று கேளுங்கள்; நிரல் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண் வரும். 139 வந்தால், அதாவது 128-உடன் சிக்னல் 11 சேர்ந்தால், நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டு நிரல் செத்திருக்கிறது. பஃபரில் இருந்தது தொலைந்திருக்கலாம். 0 வந்தால் நிரல் பெரும்பாலும் ஒழுங்காக முடிந்து பஃபரையும் காலிசெய்திருக்கும். அப்போதுதான், வராத வரியைப் பார்த்து நிரல் அந்த வழியே போகவில்லை என்று முடிவு செய்து, அதற்கு முந்தைய இஃப் நிபந்தனையைத் துருவத் தொடங்கலாம்.