லுசேர்ன் ஏரிக்கரையில் மூன்று நாள்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். சுவிட்சர்லாந்தின் லுசேர்ன் போய் இறங்கிய அன்று ராத்திரியே மறுநாளுக்கான மலை டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். காலையில் ஏரிக்கரையில் லேசான மூட்டம்தான். மேலே போய் இறங்கினால் பக்கத்தில் நின்றவரின் தொப்பிகூடச் சரியாகத் தெரியவில்லை. காசு கொடுத்து வந்துவிட்டோமே என்று எல்லோரும் அந்த வெள்ளையையே போட்டோ எடுத்துக்கொண்டிருந்தோம். ஆகவே இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் விடாமல் சொல்வேன்: எந்த நாள் எந்த மலை என்பதைக் காலையில் எழுந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

படி 1: ஒரே ஊரில் தங்குங்கள்

தினமும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் மாறாதீர்கள். சூரிக் மெயின் ஸ்டேஷனிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகம், லுசேர்ன் வந்துவிடும். ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் எதிரிலேயே படகுத்துறை, பஸ் நிலையமும் அங்கேதான். ரூம் கிடைக்க நேரமானால் ஸ்டேஷன் லாக்கரில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஏரியின் ஜெர்மன் பெயருக்கு ‘நான்கு வன மாநிலங்களின் ஏரி’ என்று பொருள். வரைபடத்தில் பார்த்தால் கையைக் காலை நீட்டிக்கொண்டு கிடக்கும். கப்பலில் போகும்போது எதிரே மலை வந்து வழி முடிந்ததுபோல இருக்கும். கப்பல் மெல்லத் திரும்பும், அந்தப் பக்கம் இன்னொரு ஏரி திறக்கும். இதற்காகவே இங்கே ரயிலைவிடக் கப்பலுக்கு என் ஓட்டு.

படி 2: பாஸ் கணக்கு

இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாம் அடக்கம். ரிகி மலைக்கும் தனியாகக் காசு இல்லை. பிலாட்டுஸ் மலைக்குப் பாதிக் கட்டணம். சுவிட்சர்லாந்து முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கு இது சரி. இந்த ஏரிப் பகுதியிலேயே மூன்று நாலு நாள் இருக்கப்போகிறீர்கள் என்றால் டெல் பாஸ் விலையைப் பாருங்கள். இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள பாஸ் அது. ஒரே ஒரு மலை, ஒரே ஒரு கப்பல் என்றால் பாதிக் கட்டண அட்டை போதும். ஒரு தாளில் போகும் இடங்களை எழுதி, எஸ்பிபி (சுவிஸ் ரயில்வே) ஆப்பில் ஒவ்வொன்றின் கட்டணத்தையும் பார்த்துக் கூட்டுங்கள். பத்து நிமிட வேலைதான்.

படி 3: காலையில் கேமரா பாருங்கள்

ஒவ்வொரு மலை உச்சியிலும் நேரலைக் கேமரா உண்டு. பல் விளக்கும்போதே அந்தந்த மலையின் வலைத்தளத்தில் பார்த்துவிடலாம். ஹோட்டல் ஜன்னலை மட்டும் நம்பாதீர்கள், அது இரண்டு விதத்திலும் ஏமாற்றும். கோடையில் கீழே நன்றாக இருக்கும், மேலே மேகம் உட்கார்ந்திருக்கும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நேர்மாறு: ஊர் முழுக்கப் பனிமூட்டம், ஆனால் உச்சியில் சுள்ளென்று வெயில். அங்கிருந்து பார்த்தால் கீழே ஏரி இருந்த இடத்தில் பஞ்சு பரப்பியதுபோல மூட்டம், அதில் தீவுகளாக மலைத்தலைகள். ‘பனிமூட்டக் கடல்’ என்றே உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள்.

கேமராவில் உச்சி தெளிவாக இருந்தால் உடனே கிளம்புங்கள். கோடையில் மதியத்துக்கு மேல் மேகம் கட்டிவிடும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும், ஒரு ஸ்வெட்டர் பையில் இருக்கட்டும்.

படி 4: வெயில் நாள் ஒன்று, ரிகி

முதல் மலையாக ரிகியைத்தான் சொல்வேன். 1,798 மீட்டர்தான், பக்கத்து மலைகளைவிடக் குட்டை. ஆனால் போகிற வழியே பாதி சுகம்.

லுசேர்ன் படகுத்துறையிலிருந்து ரிகி அடிவாரத்து விட்ஸ்னாவுக்குக் கப்பல், ஏறக்குறைய ஒரு மணி நேரம். முடிந்தால் துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலாகப் பார்த்து ஏறுங்கள். இந்த ஏரியில் இன்னமும் ஐந்து ஓடுகின்றன, மூத்தது 1901இல் வந்த ‘ஊரி’. உள்ளே போனதும் எல்லோரும் ஜன்னலோரம் ஓடுவார்கள். நீங்கள் கப்பலின் நடுப்பகுதிக்குப் போங்கள். கம்பித் தடுப்பில் சாய்ந்து கீழே பார்த்தால் இயந்திர அறை அப்படியே திறந்து கிடக்கும். ஆள் தொடை கனத்தில் பளபளக்கும் இரும்புத் தண்டுகள் அவசரமே இல்லாமல் முன்னும் பின்னும் போய்வரும், சூடான எண்ணெய் வாசம் முகத்தில் அடிக்கும். நான் பாதி வழி அங்கேயே நின்றுவிட்டேன். மேல்தளம் முதல் வகுப்புக்காரர்களுக்கு, டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு ஏறுங்கள்.

விட்ஸ்னாவில் இறங்கினால் துறைக்குப் பக்கத்திலேயே பல்சக்கர ரயில், நடுத்தண்டவாளத்தின் பற்களைப் பல்சக்கரத்தால் பிடித்து ஏறுவது. 1871இல் ஓட ஆரம்பித்த இதுதான் ஐரோப்பாவின் முதல் மலைப் பல்சக்கர ரயில், அமைத்தவர் நிக்லாஸ் ரிக்கன்பாக். ஊட்டி ரயிலில் போனவர்களுக்கு அந்தக் கடகட சத்தம் பழகியதுபோல இருக்கும். உறவும் உண்டு: நம் நீலகிரி ரயிலின் பல்தண்டவாள முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளருடையது, அதன் பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை.

அரை மணி நேரத்தில் உச்சி நிலையமான ரிகி குல்ம். அங்கே சுற்றிப் பார்த்துவிட்டு அதே ரயிலில் கீழே இறங்கிவிடாதீர்கள். நடுவழி நிலையமான ரிகி கால்ட்பாட் வரை நடந்து இறங்கலாம், முட்டி வலி இருந்தால் அதுவரை ரயிலில் வரலாம். மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரம் இருக்காது, எவ்வளவு நேரம் நடக்க வேண்டும் என்று போட்டிருக்கும். அது மலைநடை பழகியவர்களின் கணக்கு, நான் எப்போதும் பாதி நேரம் சேர்த்துக்கொள்வேன். கால்ட்பாட்டிலிருந்து ஏரிக்கரை ஊரான வெகிஸுக்குக் கேபிள் கார், வெகிஸிலிருந்து மறுபடி கப்பல். போன வழியில் திரும்பாமல் ஒரு வட்டம் முடிந்துவிடும்.

படி 5: வெயில் நாள் இரண்டு, பிலாட்டுஸ்

லுசேர்ன் ஊருக்கு நேர் மேலே கரடுமுரடாக நிற்கிறதே, அதுதான். உயரம் 2,100 மீட்டருக்கு மேல். ஆல்ப்னாக்ஷ்டாட் வரை கப்பலிலோ ரயிலிலோ போய் அங்கிருந்து பல்சக்கர ரயில் பிடிக்க வேண்டும். 1889இல் திறந்தது, உலகத்தின் பல்சக்கர ரயில்களில் இதுதான் மிகச் செங்குத்தானது. ஊட்டி ரயில் அதிகபட்சம் நூற்றுக்கு எட்டு சொச்சம் ஏறும். இது நூற்றுக்கு நாற்பத்தெட்டு. இந்தச் சரிவில் சாதாரணப் பல்சக்கரம் தண்டவாளத்தை விட்டு மேலே எழும்பிவிடக்கூடும். அதனால் எடுவார்ட் லோகர் என்ற பொறியாளர் சக்கரங்களைப் படுக்கைவாட்டில் வைத்து, நடுத்தண்டவாளத்தை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும்படி செய்தார். நிலையத்தில் குனிந்து தண்டவாளத்தைப் பாருங்கள், பற்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். ரயில் பெட்டியும் மாடிப்படிபோலத்தான் இருக்கும்.

இறங்கும்போது மறுபக்கம் கேபிள் காரில் கிரியன்ஸ் வந்து, பஸ் பிடித்து லுசேர்ன் வந்துவிடலாம். குளிர்காலத்தில் பல்சக்கர ரயில் ஓடாது, அப்போது கேபிள் கார்தான் வழி.

மலை மேல் சாப்பாடு விலை கண்ணைக் கட்டும். காலையில் ஸ்டேஷன் சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி, பழம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கடைகள் பெரும்பாலும் அடைத்திருக்கும், ஸ்டேஷன் கடைகள் திறந்திருக்கும். ரூமில் அடுப்பு இருந்தால் புளியோதரையே கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் உச்சியில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். அங்கே காக்கை ஜாதியில் ஒன்று உண்டு, மஞ்சள் மூக்கு, சிவப்புக் கால். என் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய், இரண்டடி தள்ளி உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டேதான் தின்றது.

படி 6: மழை நாள்

மழை வந்தால் மலையை மறந்துவிட்டுக் கப்பலில் ஏரியின் மறுமுனையான ஃபுளூலன் வரை போங்கள், கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். புருன்னன் தாண்டியதும் ஏரி குறுகி, இரண்டு பக்கமும் பாறை சுவராக நிற்கும். மேகம் பாதி மலையில் தொங்கும்போது அந்த இடம் வெயிலைவிட அழகு. வழியில் தண்ணீரிலிருந்து எழும் ஒரு பாறையில் ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறித்திருப்பார்கள். சுவிஸ் நாட்டுக் கதை நாயகன் வில்லியம் டெல்லின் கதையை உலகறியச் செய்த அவர் சுவிட்சர்லாந்துக்கு வந்ததே இல்லை! ஃபுளூலனிலிருந்து திரும்ப ரயில் இருக்கிறது.

குழந்தைகள் இருந்தால் லுசேர்ன் போக்குவரத்து அருங்காட்சியகம், அரை நாள் ஓடிவிடும்.

ஊருக்குள் பார்க்க வேண்டியவற்றை மாலை நேரங்களில் நடந்தே முடிக்கலாம். 14ஆம் நூற்றாண்டு மரப்பாலத்தில் அண்ணாந்து பாருங்கள், கூரையடியில் முக்கோணப் பலகை ஓவியங்கள். 1993 தீயில் பெரும்பாலானவை போய்விட்டன, அதனால்தான் நடுவில் வெறும் இடம் அவ்வளவு.

கடைசியாக ஒன்று. மலையில் மயங்கி நின்று சாயங்காலக் கடைசிக் கப்பலை விட்டுவிடாதீர்கள், ஏறும் முன்பே அதன் நேரத்தை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டாலும் பயமில்லை. வெகிஸிலிருந்து குஸ்நாக்ட் வரை பஸ், அங்கிருந்து லுசேர்னுக்கு ரயில்.