ஹான் சோலோவின் துப்பாக்கி: நகல் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

1977இல் வெளிவந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ என்ற கதாபாத்திரம் இடுப்பில் செருகியிருக்கும் டிஎல்-44 துப்பாக்கியை யாரும் விண்வெளிக் கதைக்கென்று உட்கார்ந்து புதிதாக வரையவில்லை. அரங்கப் பொருட்களைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன், படங்களுக்கு ஆயுதம் வாடகைக்கு விடும் லண்டன் நிறுவனமான பாப்டியோடு சேர்ந்து, கிடங்கில் கிடந்த உண்மைத் துப்பாக்கிகளின் மேல் வேறு பாகங்களை ஏற்றிச் செய்தவற்றில் அதுவும் ஒன்று. அடிப்படை, ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் நகரில் மௌசர் நிறுவனம் 1896 முதல் 1937 வரை தயாரித்த சி96 கைத்துப்பாக்கி. அதன் மேல் குறிபார்க்க உதவும் தொலைநோக்கிக் குழாயான ஸ்கோப் ஒன்று, ஹென்சோல்ட் வெட்ஸ்லர் என்ற ஜெர்மன் நிறுவனத்தினுடையது. குழல் முனையில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்களில் இருந்த எம்ஜி 81 இயந்திரத் துப்பாக்கியிலிருந்து எடுத்த கூம்பு வடிவ ஃப்ளாஷ் ஹைடர், அதாவது சுடும்போது எழும் தீச்சுடரை மறைக்கும் பாகம். எம்ஜி 81ஐ உருவாக்கியதும் மௌசர்தான் என்பதால் முனையும் உடலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்தப் பின்னணி தெரியாமல் அதன் நகலைச் செய்யத் தொடங்குவதுதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். ஒரு நகலை எதிர்காலத்து ஆயுதமாக நினைத்துச் செய்தால் அது பொம்மை போலத்தான் வரும். பழைய மௌசர் ஒன்றின் மேல் வாடகைக் கடைக்காரர் சிலவற்றை அவசரமாகத் திருகி வைத்தார் என்று நினைத்துச் செய்தால் படத்தில் பார்த்தது கைக்கு வரும்.

முதல் சறுக்கல் அரத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிடுகிறது. எந்தப் படத்துத் துப்பாக்கி? 1977, 1980, 1983 ஆகிய மூன்று படங்களிலும் ஹான் சோலோ வைத்திருப்பது பெயரளவில் ஒன்று, பொருளளவில் ஒன்றல்ல. முதல் படத்தில் இருந்தது உண்மையான எஃகு மௌசர். பிந்தைய படங்களில் அச்சு எடுத்து வார்த்த நகல்களும் புழங்கின. ஸ்கோப்பைத் தாங்கும் பிடியின் வடிவம், கூம்பின் விளிம்பு, பக்கவாட்டில் ஒட்டிய சிறு அலங்காரத் துண்டுகள் எல்லாம் படத்துக்குப் படம் வேறுபடுகின்றன. விளம்பரப் புகைப்படங்களில் இருப்பது இன்னொன்று. இணையத்தில் கண்ணில் பட்ட படங்களையெல்லாம் ஒரே கோப்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து பிடியையும் இன்னொன்றிலிருந்து கூம்பையும் எடுத்துச் செய்பவர்கள் ஏராளம். முடிவில் வருவது எந்தக் காட்சியிலும் இல்லாத துப்பாக்கி. ஏதோ சரியில்லை என்று பார்ப்பவருக்குத் தோன்றும், காரணம் சொல்லத் தெரியாது. ஒரு படம், முடிந்தால் அதிலும் ஒரு காட்சி என்று முடிவு செய்துகொண்டு மற்ற படங்களை வேறு கோப்புக்குத் தள்ளிவிடுங்கள்.

புகைப்படங்களை நம்புவதிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய விளம்பரப் படங்கள் இடவலம் மாறி அச்சாவது வழக்கமாக நடக்கிற காரியம். அதைப் பார்த்துத் துளையிட்டால் ஸ்கோப் பிடி தவறான பக்கத்தில் போய் உட்காரும். சோதிக்க எளிய வழி உண்டு. சி96இல் பாதுகாப்பு நெம்புகோல் சுத்தியலின் இடப்பக்கம் இருக்கும். சட்டகத்தின் வலப்பக்கத்தில்தான் ஓபர்ன்டார்ஃப் முத்திரை எழுத்துகள் இருக்கும். இரண்டும் இடம் மாறித் தெரிந்தால் படம் புரட்டப்பட்டிருக்கிறது. அதேபோல, கேமராவுக்கு நேராக நீட்டிய துப்பாக்கியில் முனைக் கூம்பு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். அதிலிருந்து அளவெடுத்துக் கடைசல் பட்டறைக்குக் கொடுத்தால் துப்பாக்கி முனையில் ஒலிபெருக்கி மாட்டியதுபோல வந்து நிற்கும். பக்கவாட்டிலிருந்து, தூரத்தில் நின்று எடுத்த படங்களையே அளவுக்குப் பயன்படுத்துங்கள். சி96இன் வழக்கமான மொத்த நீளம் சுமார் 312 மில்லிமீட்டர், குழல் 140 மில்லிமீட்டர். ஆனால் படத்துத் துப்பாக்கியின் முன்பகுதி மாற்றப்பட்டது. எனவே அந்தக் குழல் நீளத்தை அளவுகோலாக வைத்தால் எல்லாம் தப்பிப் போகும். மாறாத உடல் பகுதியையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.

அடுத்து, எதன் மேல் கட்டுவது என்ற கேள்வி. பலரும் தொடங்குவது ஸ்பெயினின் மெனோர்கா தீவிலிருந்து வரும் டெனிக்ஸ் நிறுவனத்தின் சி96 நகலில். அது சுடாதது, காட்சிக்கானது, விலையும் தாங்கக்கூடியது. துத்தநாகக் கலவையில் வார்த்தது என்பதால் கையில் நல்ல கனம் இருக்கும். அந்தக் கனமே ஆளை ஏமாற்றிவிடுகிறது. எஃகு என்று நினைத்து எஃகுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்கிறார்கள். துத்தநாகக் கலவை எஃகைவிட மிகக் குறைந்த வெப்பத்தில், நானூறு டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே உருகத் தொடங்கிவிடும். வெல்டிங் செய்யப் போனால் துண்டு சொட்டும். வேகமாகச் சுழலும் ட்ரில்லை அழுத்தினால் உலோகம் பிட்டில் அப்பிக்கொள்ளும். மெல்லிய இடங்களில் விரிசலும் விடும். மெதுவான சுழற்சி, இடையிடையே பிட்டை வெளியே எடுத்துத் தூளைத் தட்டுவது, ஒரு சொட்டு எண்ணெய், இவை போதும். முதலில் சிறிய துளை, பிறகு பெரியது. அராவும்போது முகமூடி கட்டாயம். அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

எஃகைச் சூடேற்றாமலே கருநீலமாக்கும் குளிர்நிலை ப்ளூயிங் திரவத்தை இந்தக் கலவையில் தேய்ப்பது தனிக் கதை. பாட்டிலில் என்ன எழுதியிருந்தாலும் துத்தநாகத்தின் மேல் அது சீரான கருநீலமாகப் பிடிக்காது. திட்டுத் திட்டாகக் கறுத்து, துடைத்தால் கையோடு வரும். துத்தநாகத்துக்கென்று விற்கும் கறுப்பூட்டியை வாங்கலாம். இல்லையென்றால் வண்ணம்தான் வழி. பழைய பூச்சை நீக்கி, நானூறாம் எண் உப்புத்தாளால் தேய்த்து, உலோகத்தைக் கவ்வும் எட்ச் பிரைமர் அடித்த பிறகே கறுப்பு. பிரைமரை விட்டுவிட்டு நேராக ஸ்ப்ரே அடித்தால் முதல்முறை உறையில் செருகி எடுக்கும்போதே விளிம்புகளில் தோல் உரியும்.

உண்மையான பழைய சி96 கையில் இருந்தால் அதை வெட்டித் துளைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு புறம். நூறாண்டு வயதான ஒரு பொருளைக் கெடுக்கும் பாவம் மறுபுறம். வெற்றுத் தோட்டா வெடிக்கும் வகை நகல்களையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். அவற்றின் குழலில் உள்ள அடைப்பு பாதுகாப்புக்காக வைத்தது. கூம்பு பொருத்த வசதி என்று அதைத் தொடுவது ஆபத்து. பல நாடுகளில் குற்றமும் ஆகும்.

ஸ்கோப்புக்கு வருவோம், ஏனென்றால் தூரத்திலிருந்து முதலில் தெரிவது அதுதான். கடையில் கிடைக்கும் இன்றைய ரைஃபிள் ஸ்கோப்பை மாட்டிவிட்டு, கறுப்புக் குழாய்தானே, எது வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இன்றைய ஸ்கோப்பின் முன்வாய் அகலமானது. சரிசெய்யும் குமிழ்கள் உயரமாக நிற்கும். ஓரத்தில் எழுத்தும் எண்ணும் வெள்ளையில் பளிச்சிடும். பழைய ஹென்சோல்ட் ஒல்லியானது, அடக்கமானது. அசல் ஸ்கோப்பைத் தேடி வாங்கினால் துப்பாக்கியின் விலையைவிடப் பல மடங்கு ஆகும். அதற்கு அவசியமில்லை. லென்ஸ் இல்லாத அலுமினிய நகல் குழாய் போதும். எடை குறைவதால் பிடியின் மேல் விழும் சுமையும் குறையும்.

அந்தப் பிடியை ஒட்டும் விதத்தில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். உடனே ஒட்டும் சூப்பர் பசை வெயிலையும் அதிர்ச்சியையும் தாங்காது. ஒருமுறை கீழே விழுந்தால் ஸ்கோப் தனியாக ஓடும். இரண்டு குழாயைக் கலந்து பூசும் எபாக்ஸி பரவாயில்லை. ஆனால் உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மரை போட்ட திருகுக்கு ஈடு வேறொன்றும் இல்லை. முனைக் கூம்பையும் ஒட்டிவிடாமல், அடிப்பக்கம் தெரியாத இடத்தில் ஒரு சிறு திருகால் இறுக்கினால் பிறகு கழற்றிச் சரிசெய்ய முடியும். முப்பரிமாண அச்சில் எடுத்த பாகம் என்றால் பிஎல்ஏ பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது நல்லது. அறுபது டிகிரிச் சூட்டை நெருங்கும்போதே அது தளர்ந்துவிடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம். அடுக்கு வரிகள் தெரியாமல் நிரப்பித் தேய்க்காவிட்டால் எந்த வண்ணமும் அதை மறைக்காது. எனக்கு முனைக் கூம்பு மட்டுமாவது கடைசலில் பிடித்த உலோகமாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் உண்டு. கைபட்டதும் குளிர வேண்டிய இடம் அது.

வார்ப்புத் துண்டுகளை வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது சுருக்கம். வார்ப்புப் பாகத்திலிருந்து அச்செடுத்து மறுபடி வார்த்தால் ஒவ்வொரு தலைமுறையிலும் பாகம் சிறிது சுருங்கும், விளிம்புகள் மழுங்கும். மலிவாகக் கிடைக்கும் துண்டு பெரும்பாலும் யாரோ ஒருவர் அளந்து அராவி உருவாக்கியதைத் திருட்டுத்தனமாக நகலெடுத்ததாகவே இருக்கும். பொருத்தும்போது அரை மில்லிமீட்டர் இடைவெளி எங்கிருந்து வந்தது என்று மண்டையைக் குடைந்தால், காரணம் இதுதான்.

பழமைத் தோற்றம் கொடுப்பதில்தான் நல்ல வேலைகள் கடைசி நேரத்தில் பாழாகின்றன. தூரிகையில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டு எல்லா விளிம்புகளிலும் ஒரே சீராக இழுத்துவிடுவார்கள். உண்மையான எஃகு அப்படித் தேயாது. உறையில் உராயும் முனை விளிம்பு தேயும், கட்டைவிரல் படும் சுத்தியல் தேயும், தோட்டா அறையின் வெளிமூலை தேயும். உள்வாங்கிய பள்ளங்களில் கறுப்பு அப்படியே நிற்கும். அங்கே அழுக்கும் எண்ணெயும்தான் சேரும். எனவே முதலில் உறையை வாங்குங்கள். வண்ணம் நன்றாகக் காய்ந்த பிறகு அதில் செருகி எடுத்து எடுத்துப் பாருங்கள். எங்கே உரசுகிறது என்று உறையே காட்டிக்கொடுக்கும்; அங்கே மட்டும் தொட்டால் போதும். இன்னொன்று, பளபளக்கும் கறுப்பு வேண்டவே வேண்டாம். ப்ளூயிங் செய்த எஃகு வெளிச்சத்தில் லேசான நீலமும் சாம்பலும் கலந்து தெரியும். அரைப் பளபளப்புக் கறுப்பின் மேல் பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்தால் அதற்கு மிக அருகில் போய்விடலாம். கைப்பிடிப் பலகைக்கு வார்னிஷ் பூசினால் மேசைக்கால் போல மின்னும். ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து ஊறவிட்டால் வால்நட் மரம் தன் நிறத்தைத் தானே காட்டும்.

“அசலிலேயே எல்லாம் சரியாக இருந்ததா?” என்று யாராவது கேட்டால், இல்லை. முதல் படத்துக்குச் செய்த மூன்றில் எஞ்சிய ஒன்று 2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் ராக் ஐலண்ட் ஏலத்தில் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது. அதன் துணைப்பாகங்களேகூடப் படம் முடிந்ததும் கழற்றப்பட்டன; இப்போது அதில் இருப்பவை பிற்பாடு பாப்டி நிறுவனம் பொருத்தியவை. ஆகவே கோணலாக ஒரு திருகு, சற்றுச் சாய்ந்த ஒரு பிடி இருப்பதைக் குறையாக எடுத்துக்கொண்டு நேராக்க வேண்டாம். காட்சியில் அப்படித்தான் தெரிகிறதென்றால் அப்படியே விடுவதுதான் சரி.

சட்டத்தைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டியது இது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டம், அசல்போலத் தோன்றும் போலித் துப்பாக்கிகளை விற்பதையும் இறக்குமதி செய்வதையும் சில விலக்குகளோடு தடுக்கிறது. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு அடையாளம் வேண்டும் என்பது கூட்டரசு விதி. மாநிலங்கள் மேலும் கடுமை காட்டலாம். திரைத்தோற்றத்துக்காக அந்த ஆரஞ்சை அழிப்பது மிக மோசமான யோசனை. படமெடுக்க வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு கறுப்பு உறையை மாட்டிக் கழற்றிக்கொள்ளலாம். கனடாவில் பழங்காலத் துப்பாக்கிகளின் நகல் தவிர மற்றவை பெரும்பாலும் தடைக்குள் வரும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கி நகல்களைத் தனியாக வரையறுக்கின்றன. வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைப்பவர் சுங்கத்தில் மாட்டிக்கொண்ட பிறகு விசாரிப்பதைவிட முன்பே விசாரிப்பது நல்லது.

கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் காஸ்ப்ளே விழாக்களுக்குக் கொண்டுபோவதானால் அந்த விழாவின் விதிகளைப் பாருங்கள். உலோக நகலை வாசலிலேயே நிறுத்தும் இடங்கள் நிறைய உண்டு. அதற்கென்று நுரையிலோ மெல்லிய பிளாஸ்டிக்கிலோ இன்னொன்று செய்துகொள்பவர்கள் புத்திசாலிகள். வழியில் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும், பேருந்திலும் ரயிலிலும் வெளியே எடுக்க வேண்டாம். எதிரில் வரும் காவலருக்கு அது மௌசர்தான். ஹான் சோலோ யாரென்று விளக்க அவகாசம் கிடைக்காது. என்றாவது அதை விற்க நேர்ந்தால், எந்த நகலின் மேல் கட்டியது, எந்தெந்தப் பாகம் வார்ப்பு, எது கடைசல் என்று ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுத்துவிடுங்கள். நன்றாகச் செய்த நகல், இரண்டு கை மாறியதும் அசல் என்ற பெயரோடு ஏலத்துக்கு வந்துவிடும்.